ஏறும் நெற்றியும் ஒட்டும் முடியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழாவில் நான் பேசவேண்டும் என்று செயலாளர் பணித்தபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று அவரையே கேட்டேன். "தலையில் இருப்பதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். அறிவைப் பற்றிப் பேசு என்பது அவர் கருத்து. நானோ, தலையில் இருக்கவேண்டி, இல்லாமற் போய்விட்ட ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முன் நெற்றியில் மயிர் ஏறிப்போவதையும், அதை மறைப்பதற்கு மக்கள் வைத்துக்கொள்ளும் சிறு முடித்துண்டுகளையும் பற்றியதே என் பேச்சு. இது ஆண்டு விழாவுக்கு ஏற்ற பொருளா என்று சிலர் புருவம் உயர்த்தலாம். புருவம் இருப்பவர்கள் உயர்த்தட்டும். நெற்றி இருப்பவர்கள் கேட்கட்டும்.

டில்லிக்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திலும் ஒரு சொல்லால் விளைந்த குழப்பம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டிலும் நேர்ந்தது. என் அன்னையார் ஊரிலிருந்து முதன்முறை இங்கு வந்திருந்த நேரம். பக்கத்து வீட்டுச் சிறுவன் என்னைச் சுட்டிக்காட்டி, "அங்கிள் கஞ்சா!" என்று தன் தம்பியிடம் சொன்னான். அன்னையார் அன்றிரவு உணவு பரிமாறவில்லை. "ஊரைவிட்டு வந்து இந்தப் பழக்கம் வேறா?" என்று கண் கலங்கினார். இந்தியில் வழுக்கைத் தலையனைக் குறிக்கும் சொல் அது என்று அவருக்கு விளக்குவதற்குள் நள்ளிரவாகிவிட்டது. விளங்கிய பிறகும் அவர் முழுதும் ஆறுதல் அடையவில்லை. "அதையும் வாய்விட்டுச் சொல்லவேண்டுமா?" என்றார். அந்த ஒரு கேள்வியில்தான் என் பேச்சின் உட்பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பெருமக்களும் இதற்கு அஞ்சினர்

தலைமுடி உதிர்வதைக் கண்டு அஞ்சியவர்கள் நம்மைப் போன்ற அலுவலகத்தார் மட்டும் அல்லர். உரோம நாட்டையே ஆட்டிப்படைத்த ஜூலியஸ் சீசர் தம் வழுக்கையை எண்ணி வருந்தினார். பின்னிருந்த மயிரை முன்னுக்கு வாரி மறைத்தார். தமக்கு அளிக்கப்பெற்ற சிறப்புகளுள் எந்நேரமும் வெற்றி மாலையைத் தலையில் சூடிக்கொள்ளும் உரிமையையே அவர் மிக விரும்பினார் என்று சுவெட்டோனியஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். பிரான்சு நாட்டு மன்னர் பதின்மூன்றாம் லூயி இருபது வயதைத் தாண்டிய இளமையிலேயே மயிர் இழந்து, 1624-ஆம் ஆண்டளவில் பொய்ம்முடி தரித்தார். மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி. அவருக்குப்பின் அவர் மகனும், அவையோரும், பின்னர் ஐரோப்பா முழுவதும் இருந்த சீமான்களும் பொய்ம்முடி அணிந்தனர். ஒரு மனிதனின் கூச்சம் ஒரு கண்டத்தின் நாகரிகம் ஆயிற்று. அந்த மோகம் எந்த அளவு வளர்ந்தது என்றால், 1795-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசு தலைமுடியில் தூவும் மாவுக்கு ஆண்டொன்றுக்கு ஒரு கினி வரி விதித்தது. வரி வந்தது, மோகம் சரிந்தது. நிதியமைச்சர்கள் நாகரிகத்தைத் திருத்துவதும் உண்டு போலும்!

நம் நாட்டிலும் பொய்ம்முடி புதிதன்று. கூந்தலுக்கு 'ஐம்பால்' என்று பெயர் வைத்து, ஐந்து வகையாக ஒப்பனை செய்து மகிழ்ந்த இனம் நம் இனம். நம் பாட்டிமார் சவுரி வைத்துப் பின்னிக்கொண்டார்கள். சீவும்போது உதிர்ந்த மயிரைச் சுருட்டிக் கூரை இறப்பில் செருகிவைத்து, போதிய அளவு சேர்ந்ததும் சவுரி கட்டிக்கொண்டார்கள். அந்தச் சவுரியைப் பற்றிப் பின்னர் மீண்டும் சொல்லவிருக்கிறேன். அதில் நான் கற்ற பாடம் ஒன்று இருக்கிறது.

என் கதை

உலகத்தார் கதையைச் சொல்லிவிட்டு என் கதையை மறைப்பது நேர்மையாகாது. 1978-ஆம் ஆண்டு, இருபத்திரண்டு வயதில், ஓர் இரும்புப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளுமாக இந்நகருக்கு வந்தேன். அப்போது என் தலைமுடி அடர்ந்து சுருண்டிருந்தது. இதை இன்று நம்புவதற்கு உங்களுக்குச் சற்றுத் துணிவு வேண்டும். மூன்றாண்டுகளில் நெற்றியின் இரு மூலைகளும் ஏறத் தொடங்கின. எல்லாரும் சொல்வதைப்போல நானும் டில்லித் தண்ணீர்மீது பழி போட்டேன். எண்ணெய் மாற்றினேன், சீயக்காய்க்குத் திரும்பினேன், வெங்காயச் சாறு தடவி அலுவலகத்தில் அருகிருந்தோரைத் துன்புறுத்தினேன். மயிர் தன் வழியே போய்க்கொண்டிருந்தது.

1982-இல் ஒரு தமிழ் நாடகத்தில் எனக்கு இளம் வக்கீல் வேடம் கிடைத்தது. ஒப்பனை செய்ய வந்த முதியவர் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முழு டோப்பா வேண்டாம் தம்பி, முன்னால் ஒரு துண்டு போதும்" என்று சொல்லி, மெல்லிய வலையில் மயிர் முடிந்த உள்ளங்கையளவு துண்டு ஒன்றை எடுத்து, கோந்து தடவி ஒட்டி, என் மயிரோடு கலந்து சீவிவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். நான் ஊரைவிட்டுக் கிளம்பிய நாளில் இருந்த முகம் அது. நாடகம் முடிந்தது, வேடத்தைக் கலைத்தேன், அந்தத் துண்டை மட்டும் திருப்பித் தர மனம் வரவில்லை. விலை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று தொடங்கியது என் இரட்டை வாழ்வு. டில்லிக் கோடையின் வெப்பக்காற்றில் கோந்து இளகும்; பேருந்தில் தொங்கிக்கொண்டு போகும்போது ஒரு கை கம்பியிலும் மற்றொரு கை நெற்றியிலும் இருக்கும். ஹோலிப் பண்டிகை வந்தால் காய்ச்சல் என்று சொல்லிக் கதவைத் தாழிட்டுக்கொள்வேன். நண்பர்கள் முதுகில் தட்டினால் மகிழ்ச்சி. தலையில் தட்டினால் நடுக்கம். மறைக்கவேண்டிய இடம் உள்ளங்கையளவு. அதற்காகக் காவல் காத்ததோ வாழ்நாளின் பாதி நேரம்.

இந்நிலையில் 1985-இல் எனக்குப் பெண் பார்த்தார்கள். அனுப்பிய புகைப்படத்தில் அந்தத் துண்டு இருந்தது. பெண் பார்க்கப் போனபோதும் இருந்தது. சொல்லிவிடலாமா என்று என் அன்னையாரைக் கேட்டேன். "அவர்கள் கேட்டால் சொல்லலாம், கேட்காததை நாமாக ஏன் சொல்லவேண்டும்?" என்றார். எனக்கும் அந்த விடை வசதியாக இருந்தது. பிறர் சொன்ன விடையானாலும், வசதிக்காக அதை ஏற்றுக்கொண்டவன் நான். ஆகையால் குற்றம் என்னுடையதே. ஆவணியில் திருமணம். மங்கல நீராட்டின்போது என் அத்தை கையால் மறைத்து உச்சியில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தார். மணம் முடிந்து நான்கு நாட்கள். ஒவ்வொரு நாளும் வீட்டார் விழிக்குமுன் எழுந்து ஒட்டியதைச் சரிசெய்துகொண்டேன். அரசுக் குடியிருப்பு இன்னும் ஒதுக்கப்படவில்லை. மனைவியைப் பிறந்தகத்தில் விட்டுவிட்டு டில்லி திரும்பினேன்.

அடுத்து வந்தது தலைதீபாவளி. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி அமர்ந்த பிறகுதான் எனக்கு அந்த எண்ணம் இடிபோல் தோன்றியது. தலைதீபாவளி என்றால் விடியற்காலையில் மணையில் உட்காரவைத்து, மாமியார் வீட்டு மூத்த சுமங்கலி மாப்பிள்ளையின் தலையில் எண்ணெய் வைப்பாரே! ஒரு சொட்டோடு நிறுத்த அங்கே என் அத்தை இருக்கமாட்டாரே! இரண்டு இரவு அந்த வண்டியில் நான் உறங்கவில்லை.

கும்பகோணத்துக்கு அருகில் உள்ள அந்த ஊரில், தீபாவளிக்கு முந்திய இரவு, வெளியே பட்டாசுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, என் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். சொன்னதோடு நில்லாமல், துண்டை எடுத்தும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "முடி இல்லை என்று தெரிந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனோ, மாட்டேனோ, எனக்கே தெரியாது. ஆனால் வேண்டும் வேண்டாம் என்று சொல்வது என் கையில் இருந்தது. அதையல்லவா நீங்கள் மறைத்தீர்கள்?"

அவையோரே, நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் விடை இல்லை.

மறுநாள் விடியலில் வெறும் நெற்றியோடு மணையில் உட்கார்ந்தேன். என் மனைவியின் பாட்டி, எண்பது வயதைக் கடந்தவர், எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என்னை உற்றுப் பார்த்தார். கூடத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. "நல்ல அகலமான நெற்றி மாப்பிள்ளைக்கு. எண்ணெய் வைக்கக் கிழவிக்குச் சிரமமில்லை" என்றார். கூடமே சிரித்தது, நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்னோடு இயல்பாகப் பேச இன்னும் சில நாட்கள் ஆயின. வழுக்கையைப் பாட்டி ஒரு நொடியில் மன்னித்தார். மறைத்ததை மன்னிக்க மனைவிக்கு நாட்கள் வேண்டியிருந்தன. இரண்டும் ஒரே எடையுள்ளவை அல்ல என்பதை நான் அறிந்துகொண்டது அங்கேதான்.

சவுரி கற்பித்த பாடம்

இப்போது சவுரிக்கு வருகிறேன். என் மனைவியின் பாட்டியும் சவுரி வைத்தவர்தாம். ஆனால் அந்தச் சவுரி கொடியில் காய்ந்தது. பேத்தி அதைச் சிக்கெடுத்தாள். வீட்டுக்கு வந்தவர் எல்லாரும் அதைக் கண்டனர். கல்யாணப் பெண்ணுக்குச் சவுரி வைத்து, குஞ்சலம் கட்டி, பூத்தைத்துப் பின்னும்போது ஊர்ப் பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அது அணி, ஒருவரையும் ஏமாற்றுவதற்கு அமைந்ததன்று. காதில் தோடு பிறந்தபோதே வந்தது என்று எவரும் நினைப்பதில்லை, அதுபோலவே சவுரியும். நான் வைத்த துண்டும் மயிரால் ஆனதுதான்; வலையும் நூலும் முடிச்சும் கொண்டதுதான். ஆயினும் அது அணியாகவில்லை, ஒளிப்பாயிற்று. வேறுபாடு பொருளில் இல்லை. வைத்துக்கொண்டவன் மனத்தில் இருந்தது.

ஆகவே, ஒட்டுமுடி வைப்பது தவறு என்று சொல்ல நான் வரவில்லை. பல் போனவர் பல் கட்டிக்கொள்கிறார். கண் மங்கியவர் கண்ணாடி போட்டுக்கொள்கிறார். நரைக்கு மை பூசாத வீடு நம் குடியிருப்பில் எத்தனை உண்டு? வழியில் காண்போர்க்கெல்லாம் நாம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம்மோடு வாழ்க்கையைப் பகிர்ந்துகொள்ள வருபவருக்குச் சொல்லவேண்டும். அவர் கேட்கும்வரை காத்திராமல் நாமே சொல்லவேண்டும். வழக்கமும் வேண்டுமா? திரைப்படங்களில் ஒப்பனை முடியோடு தோன்றும் நடிகர் ரஜினிகாந்த், பொதுமேடைகளுக்குத் தம் வழுக்கையை மறைக்காமலே வருகிறார். தொழிலுக்கு வைத்ததைத் தொழிலோடு நிறுத்திக்கொள்ளும் அத்தெளிவு பாராட்டத்தக்கது.

மயிர் ஏன் உதிர்கிறது?

நிற்க. டில்லித் தண்ணீரின்மீது நாம் சுமத்திய பழியை இன்றோடு துடைத்துவிட விரும்புகிறேன். நம் தலையில் ஏறத்தாழ 1 லட்சம் மயிர்கள் உண்டு. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. ஒவ்வொரு மயிரும் இரண்டு முதல் ஆறு ஆண்டுவரை, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்ந்து, ஓய்ந்து, உதிர்ந்து, மீண்டும் முளைக்கும். உப்பு நீர் மயிரைச் சொரசொரப்பாக்கலாம். நெற்றியின் மூலைகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஏறச் செய்யாது.

அங்கே நடப்பது வேறு. 1942-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க உடற்கூற்றறிஞர், ஆண்தன்மை தரும் சுரப்புநீர் இல்லாதவர்களுக்கு இவ்வகை வழுக்கை விழுவதில்லை என்பதையும், அச்சுரப்பைக் கொடுத்தால் குடும்பவழி இயல்பு உள்ளவர்களுக்கு விழுகிறது என்பதையும் காட்டினார். அச்சுரப்பிலிருந்து உண்டாகும் ஒரு பொருள், பிறவியிலேயே அதற்கு இளகும் தன்மை கொண்ட மயிர்க்கால்களைச் சிறுகச் சிறுகச் சுருக்குகிறது. தடித்த மயிர் மெலிந்து பூனைமயிர் ஆகிறது. பிடரியிலும் காதோரத்திலும் உள்ள மயிர்க்கால்கள் அதற்கு அசைவதில்லை. எனவேதான் எவ்வளவு பெரிய வழுக்கையிலும் ஓரத்தில் ஒரு வேலி மிஞ்சுகிறது. தாய்வழிப் பாட்டனைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் தந்தை வழியும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ஆகவே மருமகன் வழுக்கைக்கு மாமியாரைப் பழிக்கவேண்டாம்.

மருந்தே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மினாக்சிடில் என்னும் மருந்து மயிரை வளர்ப்பது தற்செயலாகத் தெரியவந்து, தலையில் தடவும் வடிவில் 1988-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உட்கொள்ளும் பினாஸ்டிரைடு 1997-இல் இதற்கென ஒப்புதல் பெற்றது. இரண்டும் பயன்படுத்தும்வரைதான் பயன் தரும்; நிறுத்தினால் பழைய நிலை திரும்பும்; பக்கவிளைவுகளும் உண்டு. பிடரியிலிருந்து மயிர்க்கால்களைப் பெயர்த்து முன்னால் நடும் முறையும் இன்று பெருகியிருக்கிறது. இவற்றுள் எதையும் தோல் மருத்துவரைக் கலந்தே தொடங்கவேண்டும். சுவரொட்டியைக் கலந்து தொடங்குதல் ஆகாது.

நம் பெண்மக்களுக்கு ஒரு சொல். பெண்களுக்கும் முன்மயிர் மெலிவதுண்டு. மகப்பேற்றுக்குப் பின்னும், கடுங்காய்ச்சலுக்குப் பின்னும் இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்துக்கொத்தாக உதிர்ந்தால், பெரும்பாலும் அது தானே திரும்ப வளரும், அஞ்சவேண்டாம். ஆனால் பள்ளிக்கும் நடன வகுப்புக்கும் நாள்தோறும் இழுத்து இழுத்துக் கட்டும் சடை, நெற்றியோரத்து மயிர்க்காலை ஆண்டுக்கணக்கில் இழுத்துக் கடைசியில் அழித்தேவிடும். தாய்மார்களே, உங்கள் பெண்ணின் நெற்றி ஏறினால், முதலில் உங்கள் கையின் இறுக்கத்தைத் தளர்த்துங்கள்.

வைக்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்

இன்று கிடைக்கும் முன்முடித் துண்டுகள் நான் வைத்ததைவிடப் பன்மடங்கு நேர்த்தியானவை. அடித்தளம் மிக மெல்லிய வலையாகவோ, தோல்போன்ற மென்படலமாகவோ இருக்கும். வலைத் துண்டானால் கொக்கி ஊசியால் ஒவ்வொரு கண்ணிலும் ஒன்றிரண்டு மயிராக முடிந்திருப்பார்கள். முன்னோரத்தில் ஒற்றை மயிர் முடிச்சும், பின்னால் செல்லச் செல்ல அடர்த்தியும் இருப்பதே நல்ல வேலைப்பாடு. கோடு கிழித்தாற்போல் நேராக இருக்கும் முன்னோரம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். இயற்கை அளவுகோல் வைத்துக் கோடு போடுவதில்லை. ஐம்பது வயது முகத்தில் பதினாறு வயது நெற்றியை ஒட்டுவதும் அவ்வாறே. காதோரம் நரைத்திருக்க முன்னால் கன்னங்கரேல் என்று வைத்தால், பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும். குறைவாக வைப்பதே மறைவாக வைப்பது.

ஒட்டுவதற்கு இருபுறமும் பசையுள்ள நாடா, கோந்து, சிறு கிளிப்புகள் என மூவகை உண்டு. எந்தக் கோந்தையும் முழங்கை மடிப்பில் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்து, அரிப்போ தடிப்போ இல்லையென்றால் மட்டுமே நெற்றிக்குக் கொண்டுபோகவேண்டும். கிளிப்பு, மெலிந்த மயிரைப் பிடித்து இழுத்து, மிச்சம் இருப்பதையும் பறித்துவிடும். ஆகையால் உறுதியான மயிர் உள்ள இடத்தில் மட்டும் மாட்டவேண்டும். இரவில் கழற்றிவைப்பதும், அடியிலுள்ள தோலைக் கழுவி உலரவிடுவதும் நம் வெயிலுக்கு இன்றியமையாதவை. செயற்கை இழையாலான துண்டு வைத்துக்கொண்டு அடுப்படியில் குனிந்தால் நுனி பொசுங்கிச் சுருண்டுவிடும். தாய்மார்கள் கருத்தில் கொள்க. உண்மை மயிராலான துண்டுக்கும் வேரிலிருந்து ஊட்டம் இல்லை. வெயிலில் வெளுத்து உலர்ந்துபோகும். மெல்லிய அடித்தளம் கொண்டவை சில மாதங்களே உழைக்கும். எனவே வாங்கும்போது ஒருமுறை விலையைப் பார்ப்பதோடு, ஆண்டுச் செலவையும் கணக்கிடுங்கள்.

யாருடைய மயிர் அது?

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நாம் தலையில் வைக்கும் மயிர் ஒருவர் தலையிலிருந்து வந்தது. திருமலையில் கல்யாணகட்டா என்னும் இடத்தில் அடியார்கள் செலுத்தும் முடிக்காணிக்கையைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்கிறது. அது சிக்கெடுக்கப்பட்டு, நீளவாரியாகப் பிரிக்கப்பட்டு, உலகெங்கும் போகிறது. 2004-ஆம் ஆண்டில், யூத சமயத்தின் வைதிகக் குருமார் சிலர், கோயிலில் செலுத்திய மயிராலான பொய்ம்முடியைத் தம் சமயத்துப் பெண்கள் அணியலாகாது என்று தீர்ப்பளிக்க, நியூயார்க்கின் புரூக்ளினிலும் இஸ்ரேலிலும் மக்கள் தெருவில் இறங்கிப் பொய்ம்முடிகளைக் கொளுத்தினார்கள். திருமலையில் ஒரு தாய் தன் குழந்தையின் நோய் தீர வேண்டி இறக்கிய முடி, கடல் கடந்து எங்கோ ஒரு தெருவில் எரிந்திருக்கக்கூடும். ஒருவர் பக்தியோடு துறந்ததை மற்றொருவர் ஆசையோடு வாங்குகிறார்; இன்னொருவர் அச்சத்தோடு எரிக்கிறார். மயிர் ஒன்றுதான், மனங்கள் வேறு.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்களுக்கு, பல மருந்துகளால் இரண்டு மூன்று வாரங்களில் தலைமுடி கொட்டிவிடுகிறது. நோயின் வலியோடு கண்ணாடியின் வலியும் சேர்கிறது. அவர்களுக்கெனத் தம் நீண்ட கூந்தலை வெட்டிக் கொடுக்கும் கல்லூரி மாணவியர் இன்று நாடெங்கும் இருக்கின்றனர். ஒட்டுமுடியை நகைக்கும் நாக்கு, அந்த நோயாளிகளை ஒருகணம் நினைத்துக்கொள்ளட்டும்.

முடிவுரை

நிலைதவறித் தாழ்ந்த மாந்தரைத் தலையிலிருந்து உதிர்ந்த மயிருக்கு ஒப்பிட்டார் வள்ளுவப் பெருந்தகை. நாமோ அந்த உவமையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, மயிர் உதிர்ந்தால் மனிதனே தாழ்ந்துவிட்டதாக எண்ணி நடுங்குகிறோம். அவர் அப்படிச் சொல்லவில்லை. நிலை தவறுவதுதான் தாழ்வு. நான் தாழ்ந்தது 1981-இல் மயிர் உதிர்ந்தபோது அன்று. 1985-இல் உண்மையை மறைத்தபோது.

நம் குடியிருப்பில் இளைஞர் ஒருவர் இருக்கிறார். யார் என்று நீங்கள் தேடவேண்டாம், ஒருவருக்குமேல் இருக்கலாம். நல்ல படிப்பு, நல்ல பதவி. மூன்று ஆண்டுகளாக எந்த நிகழ்ச்சிக்கும் தொப்பியில்லாமல் வருவதில்லை. குழுப்படம் எடுக்கும்போது நழுவிவிடுகிறார். அவரிடம் நான் சொல்ல விரும்புவது: தம்பி, துண்டு வைத்துக்கொள்வதானால் நல்லதாகப் பார்த்து வைத்துக்கொள், வேண்டாமென்றால் என்னைப்போல் வெறுந்தலையோடு வா. எப்படி வந்தாலும் வந்து எங்களோடு படத்தில் நில். பெற்றோரிடம் சொல்ல விரும்புவது: வரன் பார்க்கும்போது மறைக்கச் சொல்லாதீர்கள். பெண் வீட்டாரிடம் சொல்ல விரும்புவது: உண்மை சொன்ன பிள்ளையை, உண்மை சொன்னதற்காகவே இன்னொருமுறை எண்ணிப் பாருங்கள். எஞ்சிய நம் எல்லாரிடமும் சொல்ல விரும்புவது: பிறர் தலையைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கும்வரை, மறைக்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தே தீரும்.

என் துண்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். என் மனைவி அதை எறியவிடவில்லை. பிஸ்கட் டின் ஒன்றில் வைத்துப் பத்திரப்படுத்தினார். பின்னர் நம் சங்கத்து நாடகப் பெட்டிக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். இப்போது எல்லாம் உதிர்ந்து, வலையே மிஞ்சியிருக்கிறது. ஆயினும், சற்று நேரத்தில் இம்மேடையில் தொடங்கவிருக்கும் நாடகத்தில் கிழவர் வேடத்துக்கு அது போதும் என்று ஒப்பனையாளர் சொல்கிறார். வேடத்துக்கு உரியது மேடைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

தம் பெயரைச் சொல்லாமல் இக்கதையைச் சொல்லலாம் என்று இசைவளித்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் என் இல்லத்தரசிக்கு நன்றி கூறி அமைகிறேன்.